பானு அத்தை போட்ட மனுவுக்கு முறை வந்தது

குழு: எங்கள் வீடு

பானு: அண்ணா, அண்ணி, எல்லாரும் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய விசா மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 2006 மார்ச்சில் அண்ணாவுக்காக நான் போட்ட ஐ-130 குடியேற்ற மனு. முறை வந்துவிட்டது!

பானு: 📷 படம்

ரகு: அக்கா! வந்தேவிட்டதா!

கலா: எந்த மனு?

பானு: அண்ணி, விளையாடாதீர்கள்.

கலா: விளையாடவில்லை பானு. சத்தியமாக மறந்துவிட்டேன். முதல் ஐந்து ஆண்டு மாதாமாதம் உன்னிடம் கேட்டேன். அப்புறம் கேட்கவே வெட்கமாகிவிட்டது.

அரவிந்த்: மனு போட்டபோது எனக்கு நான்கு வயது.

சுந்தரம்: பார்த்தேன். அலுவலகத்தில் இருக்கிறேன். மாலையில் பேசுகிறேன்.

ரகு: ↪ பல முறை பகிரப்பட்டது
அமெரிக்கா அதிரடி!! இனி பெற்றோருடன் எந்த வயதுப் பிள்ளைகளும் கிரீன் கார்டில் செல்லலாம். இன்று நள்ளிரவு முதல் அமல். உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

மீரா: சித்தப்பா, அப்படி ஒரு சட்டமும் வரவில்லை. 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள்தான் பெற்றோருடன் போக முடியும். தயவுசெய்து இதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

ரகு: அப்படியென்றால் உங்கள் இருவருக்கும் வயது தாண்டிவிட்டதே அம்மா!

மீரா: அதைத்தான் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 2002இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். மனு அவர்கள் மேசையில் முடிவாகாமல் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரிசையில் நின்ற மொத்தக் காலத்தையும் அல்ல. மனுவைக் கொடுத்த நாள் முதல் ஒப்புதல் வந்த நாள் வரை மட்டும்.

மீரா: அத்தை, ஒப்புதல் கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது?

பானு: இரு, பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.

பானு: 2010 நவம்பர்.

மீரா: அப்படியானால் நான்கு ஆண்டு எட்டு மாதம். முறை வந்த அன்று அரவிந்துக்கு 23 வயது இரண்டு மாதம். கழித்தால் பதினெட்டரை. அவன் தப்பித்தான்.

அரவிந்த்: உனக்கு?

மீரா: எனக்கு 27 வயது ஒரு மாதம். கழித்தால் 22 வயது ஐந்து மாதம். முடிந்தது.

கலா: என்ன முடிந்தது? திரும்பக் கணக்குப் போட்டுப் பார்.

மீரா: மூன்று முறை போட்டுவிட்டேன் அம்மா.

ரகு: இது என்ன அநியாயம்? ஒரே மனு, ஒரே வீடு. ஒரு பிள்ளைக்கு உண்டு, இன்னொரு பிள்ளைக்கு இல்லையா? இருபது வருடம் நிற்க வைத்தது அவர்கள்தானே!

பானு: ரகு, அவர்களைக் கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். குடிமக்களின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு ஒதுக்கியிருப்பது ஆண்டுக்கு 65,000 விசா. உலகம் முழுவதற்கும் சேர்த்து. 1990இல் போட்ட சட்டம், இன்றுவரை அதே எண்தான். அந்த 65,000இல் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அடக்கம். நான்கு பேர் கொண்ட குடும்பம் கிளம்பினால் நான்கு விசா போய்விடும்.

ரகு: நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் வேறு அதிகம்.

பானு: அதுதான் அடுத்த முடிச்சு. எந்த நாடாக இருந்தாலும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. குட்டி நாட்டுக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. மெக்சிகோக்காரர்கள் நம்மைவிடப் பாவம். நமக்கு 2006ஆம் ஆண்டு மனுக்களை எடுக்கிறார்கள், அவர்களுக்கு 2001லேயே நிற்கிறது.

அரவிந்த்: பாட்டி எப்படி ஓர் ஆண்டிலேயே போனார்?

பானு: பெற்றோருக்கு வரிசையே கிடையாது. கணவன், மனைவிக்கும் கிடையாது, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் கிடையாது. குடிமகன் மனு போட்டால் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. கூடப் பிறந்தவன் மட்டும் கடைசி வரிசை.

ரகு: அக்கா, எனக்கு 2015இல் போட்டாயே, அது?

பானு: யாருடைய முறை என்று மாதாமாதம் வெளியிடும் விசா பலகையில் இப்போது இருப்பது 2006. நீயே பார்த்துக்கொள். ஒரு வருடம் போனால் வரிசையும் ஒரு வருடம் நகரும் என்று நினைத்துவிடாதே. சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பின்னால் போனதும் உண்டு.

ரகு: சரி, நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சுந்தரம்: எல்லாவற்றையும் படித்தேன். ஒரே முடிவுதான். மீரா வர முடியாதென்றால் யாரும் போக வேண்டாம். பானு, நீ செய்ததற்கெல்லாம் நன்றி. இத்துடன் விட்டுவிடலாம்.

மீரா: அப்பா, என் பெயரைச் சொல்லி இதை முடிக்காதீர்கள்.

சுந்தரம்: வேறு எப்படி முடிப்பது? அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறேன். அறுபது வயதில் அங்கே போய் நான் யாருக்கு விண்ணப்பம் எழுதுவது? நாற்பது வயதில் வந்திருந்தால் குதித்துக்கொண்டு போயிருப்பேன்.

அரவிந்த்: நான் மட்டும் தனியாகப் போக முடியாதா?

மீரா: முடியாது. மனு அப்பாவின் பெயரில். நீ அவருடைய பிள்ளை என்ற உரிமையில்தான் போகிறாய். அவர் முதலில் போக வேண்டும், அல்லது நீங்கள் சேர்ந்து போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் உனக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை.

கலா: நான் ஒன்று சொல்லட்டுமா? இந்த மனுவால் இந்த வீட்டில் என்னென்ன நின்றது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா? “இன்னும் இரண்டு வருடத்தில் வந்துவிடும்” என்று வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். பானு மகள் கல்யாணத்துக்கு வரலாமென்று சுற்றுலா விசா கேட்டால், குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறதே, திரும்பி வருவீர்கள் என்று எப்படி நம்புவது என்று மறுத்து அனுப்பினார்கள். குடியேறவும் விடவில்லை, எட்டிப் பார்க்கவும் விடவில்லை.

கலா: மீராவுக்கு வந்த வரன்களில் பாதிப்பேர் முதல் கேள்வியே “பெண் அமெரிக்கா போய்விடுவாளா?” என்பதுதான். மீதிப்பேர் “எப்போது போவாள்?” என்று கேட்டார்கள்.

மீரா: அம்மா, இதைக் குழுவில் போட வேண்டுமா?

கலா: போட்டுவிட்டேன். குடும்பம்தானே.

பானு: அண்ணா, ஒரு வழி இருக்கிறது. நீங்களும் அண்ணியும் கிரீன் கார்டு வாங்கிய பிறகு மீராவுக்கு மனு போடலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் 21 வயது கடந்த பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

சுந்தரம்: அது எவ்வளவு காலம்?

பானு: இப்போதைய நிலவரப்படி எட்டு, ஒன்பது ஆண்டு.

மீரா: அத்தை, அதில் இன்னொன்று இருக்கிறது. அத்தனை ஆண்டும் நான் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. செய்துகொண்டால் அந்த மனு அன்றே செத்துவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் திருமணமான பிள்ளைக்கு மனு போடவே முடியாது. அப்பா குடிமகன் ஆன பிறகு வேறு பிரிவில் போட வேண்டும். அந்த வரிசை இதைவிட நீளம்.

ரகு: 2006ஆம் ஆண்டு வரிசைத் தேதியையே மீராவுக்குக் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட முடியாதா?

மீரா: போட்டுவிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014இல் தீர்ப்பு. என் மாதிரி, மனுவில் ஒட்டிக்கொண்டு வந்து வயது கடந்த பிள்ளைகளுக்குப் பழைய தேதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் எதிர்ப் பக்கம்.

ரகு: ஒரே ஒரு ஓட்டில்!

மீரா: ஆமாம். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன், எனக்காக மனு வேண்டாம். மூன்றாம் வகுப்பு படித்தபோதிலிருந்து “நாம்தான் போகப் போகிறோமே” என்று கேட்டு வளர்ந்தவள் நான். இன்னொரு ஒன்பது ஆண்டு அதே வாக்கியத்தில் குடியிருக்க முடியாது. என் வேலை, என் கல்யாணம் எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள்கிறேன். இதில் தியாகம் ஒன்றும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அரவிந்த்: அக்கா...

மீரா: நீ போக விரும்புகிறாயா இல்லையா? அதைச் சொல். எல்லாரும் உன்னைத் தவிர மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அரவிந்த்: விரும்புகிறேன். அப்பா வற்புறுத்தப்படுவது பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை.

சுந்தரம்: கொஞ்சம் யோசிக்க விடுங்கள். நிதானமாக அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பானு: அண்ணா, நிதானத்துக்கு இடமில்லை. அரவிந்துக்குப் பதினெட்டரை என்பது சும்மா கிடைக்காது. முறை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அவனுக்கும் கட்டணம் கட்டி, டி.எஸ்.-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பித்துவிட வேண்டும். தவறினால் அந்தச் சலுகை போய்விடும். அதுவரை அவனும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது.

அரவிந்த்: அதற்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை அத்தை.

பானு: இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, சொல்கிறேன். மனு போட்டவர் இறந்தால் மனுவும் தானாக ரத்தாகிவிடும். மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால்தான். போன ஆண்டு இதய அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது எனக்கு என் பிள்ளைகள் நினைவு வந்ததைவிட இந்த மனு நினைவு அதிகமாக வந்தது. சிரிக்காதீர்கள்.

கலா: யார் சிரிக்கிறார்கள்? நீ முதலில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு.

சுந்தரம்: பானு, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லையே.

பானு: சொன்னால் மனுவைத் திரும்பப் பெறச் சொல்வீர்கள்.

ரகு: சரி, செலவு எவ்வளவு? உருப்படியாக ஏதாவது பேசுவோம்.

பானு: விசா கட்டணம் ஆளுக்கு 325 டாலர், மூன்று பேர். உங்களைப் பணத்தால் தாங்குவேன் என்று நான் கொடுக்கும் ஆதரவு உறுதிமொழியைச் சரிபார்க்க 120 டாலர். மருத்துவப் பரிசோதனை தனி. நேர்காணல் மும்பையில்.

சுந்தரம்: உனக்கு ஓய்வூதியம் மட்டும்தானே? அந்த உறுதிமொழிக்கு வருமானம் போதுமா?

பானு: அவர்கள் வகுத்த வறுமைக்கோட்டில் 125 சதவீதம் காட்ட வேண்டும். குறைகிற தொகையைப் போல ஐந்து மடங்குக்குச் சொத்து காட்டலாம், வீடு இருக்கிறது. போதாவிட்டால் மாப்பிள்ளை கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அது விளையாட்டுக் கையெழுத்து இல்லை. நீங்கள் குடிமக்கள் ஆகும் வரை, அல்லது 40 காலாண்டு, அதாவது பத்து ஆண்டு, வேலைக் கணக்கு சேரும் வரை பொறுப்பு தொடரும்.

சுந்தரம்: ஒரு முறை போய் முத்திரை குத்திக்கொண்டு, அரவிந்தை விட்டுவிட்டு நாங்கள் திரும்பிவிடலாமா?

பானு: வரலாம், போகலாம். ஆனால் அது அங்கே வாழ்வதற்கான அட்டை. ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதென்றால் புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி கேட்க வேண்டும், இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள். மனத்தில் குடியேறும் எண்ணமே இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்வோம், என் செலவு.

கலா: எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் அண்ணனின் பிறப்பே பதிவாகவில்லையே. பள்ளிச் சான்றிதழில் இருப்பது வாத்தியார் போட்ட தேதி.

மீரா: அதற்கு வழி உண்டு அம்மா. பதிவு இல்லை என்று பதிவாளரிடமே சான்று வாங்க வேண்டும். கூடவே பிறப்பை அறிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ். பாட்டியின் தம்பி இருக்கிறார். அவரிடம் இந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடலாம். அவருக்கும் வயது எண்பத்தைந்து.

சுந்தரம்: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மீரா: சான்றிதழ் வாங்குவதற்குச் சரி சொல்ல வேண்டியதில்லை அப்பா. டி.எஸ்.-260இல் பதினாறு வயது முதல் நீங்கள் குடியிருந்த முகவரிகள் அத்தனையும் கேட்பார்கள். அதை மட்டும் எழுதித் தாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுந்தரம்: எனக்குப் பதினொரு இடமாற்றம். எப்படி நினைவிருக்கும்?

கலா: எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுச் சாமானையும் கட்டியவள் நான்தான்.

சுந்தரம்: 1982 முதல் 1985 வரை கல்லூரி விடுதி. அப்புறம் ஒரு மொட்டைமாடி அறை, நண்பர்கள் மூவருடன். அதன் கதவு எண்ணும் வேண்டுமா?

மீரா: வேண்டும்.