3 லிட்டர் டீசல் பிக்கப்பில் 3,200 கிலோ கேரவன்: 90-ஐத் தாண்டினால் வால் ஆடுகிறது, ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் பிரேக் வாடை

செம்மண்புழுதி (கேள்வி)

பிக்கப்: 3.0 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக். விளம்பரத்தில் இழுவைத் திறன் 4,000 கிலோ. கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பு 3,200 கிலோ, பேலோடு (ஆட்கள், சாமான், கொக்கியில் இறங்கும் எடை எல்லாம் சேர்த்து வண்டி சுமக்கக்கூடியது) 690 கிலோ.

டிரெய்லர்: இரட்டை ஆக்சில் கேரவன். 160 லிட்டர் தண்ணீரோடு எடை மேடையில் 3,200 கிலோ. நாலு சக்கரத்திலும் 12 வோல்ட் எலெக்ட்ரிக் டிரம் பிரேக்.

பிக்கப்பில் ஏறுவது: நாலு பேர் 290 கிலோ, பின்தொட்டி மேல்கூடு 90, ஜெனரேட்டரும் டூல்ஸும் 120. ஆக 500. மிச்சம் 190 கிலோதான். அதனால் கேரவன் சாமான்களை ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி, கொக்கியில் இறங்கும் எடையை 240 கிலோவுக்குக் குறைத்திருக்கிறேன். 50 கிலோ தாண்டுகிறது, பரவாயில்லை என்று நினைப்பு.

தொந்தரவுகள் மூன்று:
1. 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலோ பக்கத்தில் லாரி போனாலோ கேரவன் வால் ஆடுகிறது.
2. 6% ஏற்றத்தில் 80 கி.மீ. வேகத்தில் போனால் கியர்பாக்ஸ் ஆயில் 118 டிகிரி காட்டுகிறது.
3. நீண்ட இறக்கத்தில் பிரேக் வாடை.

பின்பக்கம் தாழ்ந்து நிற்பதற்குப் பின் ஸ்பிரிங்கோடு ஏர் பேக் (தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பை) போட்டால் போதுமா, இல்லை வண்டியே சிறிசா?

---

தராசுத்தட்டு

வண்டி சிறிசில்லை, கணக்குத்தான் தலைகீழ். பேலோடைக் காப்பாற்றக் கொக்கி எடையைக் குறைத்தீர்கள் பாருங்கள், வால் ஆடுவதே அதனால்தான். 3,200-இல் 240 என்பது 7.5%. இந்த வகைக் கனத்த கேரவனுக்கு 10 முதல் 15% வேண்டும். 12% வைத்தால் 384 கிலோ. (4 முதல் 7%-க்கே வடிவமைத்த கேரவன்கள் சில நாடுகளில் உண்டு. அவற்றின் வேக வரம்பும் குறைவு. அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.)

எடை பின்னால் போகப் போக, ஆக்சிலை மையமாக வைத்துக் கேரவன் ஊசல் மாதிரி நடந்துகொள்ளும். குறைந்த வேகத்தில் ஆட்டம் தானே அடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். உங்களுக்கு அந்த வேகம் 90-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. கொக்கி எடையைக் கூட்டினால் அது உங்கள் ஓட்ட வேகத்துக்கு மேலே வெகுதூரம் போய்விடும்.

இனி பேலோடு. 50 கிலோதான் தாண்டுகிறது என்கிறீர்கள். ஹிட்ச் தலையை விட்டுவிட்டீர்கள். எடை பகிரும் ஹிட்ச் (கொக்கியில் இறங்கும் சுமையில் ஒரு பங்கை ஸ்பிரிங் கம்பிகளால் முன் ஆக்சிலுக்குத் திருப்பும் இணைப்பு) என்றால் தலையும் கம்பிகளும் சேர்ந்து 40 கிலோ வரும். அதுவும் பேலோடில்தான் சேரும். இப்போதே 90 கிலோ அதிகம். இதே சுமையோடு கொக்கி எடையைச் சரியான 384-க்கு ஏற்றினால் 234 கிலோ அதிகம். 4,000 கிலோ விளம்பர எண்ணெல்லாம் கிட்டத்தட்ட காலி வண்டிக்குச் சொல்வது. இந்த ரகப் பிக்கப்பில் எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்னாலேயே பேலோடு தீர்ந்துவிடும்.

பின்னிருந்து கணக்குப் போடுங்கள். 690-இல் ஆட்கள் 290, ஹிட்ச் 40 போனால் 360. அதை 12%-ஆல் வகுத்தால் 3,000 கிலோ. அதாவது மேல்கூட்டைக் கழற்றி, பின்தொட்டியைக் காலி செய்தால் 3,000 கிலோ கேரவன் சரியாகப் பொருந்தும். தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பினால் 160 கிலோ அங்கேயே குறையும். ஆனால் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் தண்ணீரை வடித்தவுடன் கொக்கி எடையும் குறையும், மறுபடி அளக்க வேண்டும். ஜெனரேட்டர் வந்தே தீர வேண்டுமென்றால் அது கேரவன் ஆக்சிலுக்கு நேர் மேலே, தரையோடு. அந்த அளவுக்கு வேறெதையாவது இறக்குங்கள்.

அளக்க ஆள் நிற்கும் சாதாரணத் தராசு போதும். உறுதியான பலகையின் ஒரு முனைக்கடியில் செங்கல், அதிலிருந்து 120 செ.மீ. தள்ளித் தராசு. செங்கல்லிலிருந்து 30 செ.மீ.-இல் கேரவன் முன்ஜாக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை நாலால் பெருக்கினால் ஜாக்கில் இறங்கும் எடை. 384 வேண்டுமென்றால் 96 காட்ட வேண்டும். பலகையின் எடையை முதலிலேயே கழித்துவிடுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், கேரவன் மட்டமாக நிற்கட்டும். ஜாக் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் உண்மை எடை ஒரு துளி குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

---

கிரீஸ்கை

ஏர் பேக் பத்தி நான் சொல்றேன். அது பின்பக்கத்தைத் தூக்கும், அவ்வளவுதான். பேலோடு ஒரு கிலோ கூடாது, முன் ஆக்சிலுக்கு ஒரு கிலோ திரும்பாது. வண்டி மட்டமா நிக்கிறதைப் பார்த்து எல்லாம் சரியாச்சுன்னு நினைச்சுக்குவீங்க, அதுதான் ஆபத்து.

வீல்பேஸ் 3.7 மீட்டர், பின் ஆக்சில்லேர்ந்து ஹிட்ச் 1.3 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 384 கிலோ அங்கே இறங்கினா பின் ஆக்சில்ல 519 கிலோ ஏறும், முன் ஆக்சில்லேர்ந்து 135 கிலோ கழியும். நெம்புகோல்தான். ஸ்டீயரிங் லேசாகும், ஈரத்துல முன் டயர் பிடிக்காது, ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். இதைச் சரி பண்றது எடை பகிரும் ஹிட்ச் மட்டுந்தான்.

பூட்டுறப்போ முன் சக்கர வளைவோட உயரத்தை மூணு தடவை அளங்க. கேரவன் இல்லாம 940 மி.மீ., மாட்டி கம்பி போடாம 976-னு வந்துச்சுன்னா, 36 மி.மீ. தூக்கியிருக்கு. நிறைய கம்பெனிக்காரங்க அதுல பாதியைத் திருப்பினாப் போதும்பாங்க, அப்போ 958-க்கு வர்ற வரைக்கும் கம்பியை இறுக்கணும். சில மாடலுக்கு முழுசாத் திருப்பணும், ஓனர் புக்ல இருக்கும். புக்ல சொன்னதைத் தாண்டி இறுக்காதீங்க. பின் ஆக்சில் லேசாகிப் போனா, ஈர ரோட்டு வளைவுல கேரவன் பிக்கப்போட பின்பக்கத்தைத் தள்ளி மடக்கிடும்.

ஆட்டத்தைத் தடுக்கிற உராய்வுக் கம்பி, எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் எல்லாம் எடை சரியானப்புறம் போடுற பூட்டு. 7.5%-ஐ மூடி மறைக்க அதைப் போடாதீங்க.

டயரும் பாருங்க. கேரவன் டயர்ல பக்கச் சுவர்ல எழுதியிருக்கிற அதிகபட்சக் காத்து, குளிர்ந்த நிலைல. பிக்கப் பின் டயருக்கு ஸ்டிக்கர்ல முழுச் சுமைக்குப் போட்டிருக்கிற அளவு. கார் ரக டயரா இருந்தா பக்கச் சுவர் நெளியும், அதுவே பாதி ஆட்டம்.

ஓடுறப்போ ஆடிச்சுன்னா: ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, எதிர்த் திருப்பு வேண்டாம், கால் பிரேக்கைத் தொடாதீங்க. டாஷ்போர்டுல இருக்கிற டிரெய்லர் பிரேக் லீவரை மட்டும் விரலால அழுத்துங்க. கேரவன் பின்னால இழுத்து நேராயிடும். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டிருந்தா அதை அணைக்கணும், ஏன்னா அது பிக்கப்பை மட்டும் இழுத்துப் பிடிக்கும், கேரவன் பின்னாலேர்ந்து முட்டும்.

---

நாலாம்கியர்

118 டிகிரிக்கு வருகிறேன். மொத்தம் சுமார் 6,200 கிலோ. 6% ஏற்றத்தில் 80 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 130 கிலோவாட் வேண்டும்: ஏற்றத்துக்கு மட்டும் 81, உருளும் தடைக்கு 16, மிச்சம் காற்றுக்கு. அதையே 60-இல் ஏறினால் 87 கிலோவாட். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காலை லேசாக்குவதைப் போன்ற மலிவான கூலர் கிடையாது.

அடுத்தது கியர். இந்த எஞ்சின்கள் 1,500 ஆர்.பி.எம்.-லேயே டார்க் கொடுப்பதால், உயர்ந்த கியரில் அமைதியாக ஏறுவது சுகமாக இருக்கும். சூட்டுக்கு அதுதான் காரணம். அந்தச் சுற்றில் தண்ணீர் பம்பு மெதுவாகச் சுற்றுகிறது, சிலிண்டர் அழுத்தம் ஏறுகிறது, டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) பூட்டு திறந்து திறந்து மூடுகிறது. பூட்டு திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆயிலைக் கடைகிறது. கியர்பாக்ஸ் சூட்டில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. டோ-ஹால் மோடில் (சுமை இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டு, மேல் கியர்களை அடைத்து, 2,400 முதல் 2,800-க்குள் வைத்து ஏறுங்கள். சத்தம் கூடும், மானி இறங்கும். ஆயில் 90 முதல் 100 வரை கவலையில்லை. 110-ஐத் தொட்டவுடன் வேகத்தைக் குறையுங்கள். 120 வந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலில் சற்றே உயர்ந்த ஐடிலில் விடுங்கள், அணைக்க வேண்டாம்.

அப்படியும் இறங்காவிட்டால் கிரில்லைத் திறந்து பாருங்கள். ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), ரேடியேட்டர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். பூச்சியும் புழுதியும் அடைவது அவற்றுக்கு இடையில். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டக் கொண்டுபோனால் தகடு மடங்கிவிடும்.

இன்டர்கூலர் குழாய்களின் கிளாம்பையும் தொட்டுப் பாருங்கள். அங்கே காற்று கசிந்தால் முன்பெல்லாம் கரும்புகை காட்டிக் கொடுக்கும். இப்போது டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) அந்தப் புகையை விழுங்கிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, ரீஜென் மட்டும் அடிக்கடி வரும். ரீஜென் நடக்கும்போது புகைக்கரியை எரிக்கப் புகைபோக்கிச் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுவார்கள், அது ஏற்றத்தின் நடுவில் வந்தால் எல்லா மானியும் ஒன்றாக ஏறும். வடிகட்டி நிறைந்து வருவது தெரிந்தால் சமதளத்திலேயே ஓட்டி முடித்துவிடுங்கள், பாதியில் அணைக்காதீர்கள்.

ஏறி முடித்தவுடன் எஞ்சினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகாது. ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்) செலவும் சுமையோடு ஏறும், நீண்ட பயணத்துக்கு முன் தொட்டியைப் பாருங்கள்.

---

தராசுத்தட்டு

இறக்கத்துக்கும் ஒரு கணக்கு. அதே 6%, 60 கி.மீ. வேகம், 8 கி.மீ. நீளம். காற்றும் டயரும் தின்றது போக நீங்கள் அடக்க வேண்டியது விடாமல் 35 கிலோவாட். மொத்தமாக, 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். டீசலில் பெட்ரோல் எஞ்சின் போலக் காற்றை அடைக்கும் திராட்டில் பிடிப்பு இல்லாததால், காலை எடுத்தால் மட்டும் பெரிதாக நிற்காது. டர்போவின் இதழ்களை மூடிப் புகையைத் தடுக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுங்கள். அது 3,000 ஆர்.பி.எம்.-க்கு மேல்தான் உருப்படியாகப் பிடிக்கும். அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை விடாமல் தேய்க்காதீர்கள்: 60-லிருந்து 50-க்கு அழுத்தமாகக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி.

---

கிரீஸ்கை

ஆனா வாடை எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க. இறங்கின உடனே ஒவ்வொரு சக்கர ஹப்பையும் சூடு பார்க்கிற துப்பாக்கியால அளங்க. பிக்கப் சக்கரம் கொதிச்சு, கேரவன் டிரம் வெதுவெதுப்பா இருந்தா, கேரவன் சும்மா வருதுன்னு அர்த்தம்.

10, 12 அங்குல டிரம்முக்கு ஒரு மேக்னெட் (பிரேக் ஷூவை டிரம்மோட அழுத்த வைக்கிற மின்காந்தம்) சுமார் 3.2 ஓம், 3 ஆம்பியர் இழுக்கும். நாலுக்கும் 12. பிக்கப்ல இருக்கிற டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்லேர்ந்து வர்ற பிரேக் ஒயர்ல டி.சி. கிளாம்ப் மீட்டரை மாட்டி, லீவரை முழுசா அழுத்திப் பாருங்க.

கரன்ட் சரியா இருந்தா அட்ஜஸ்ட்மென்ட். சக்கரத்தைத் தூக்கி, பின் தட்டோட அடி ஓட்டை வழியா, ஷூ இடைவெளியைச் சரிபண்ற நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்புங்க. கையால சுத்தவே முடியாத அளவுக்கு இறுக்கி, அப்புறம் லேசா உரசுற வரைக்கும் தளர்த்துங்க. கடைசியா கெயின் (கேரவன் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணும்னு கன்ட்ரோலர்ல வைக்கிற அளவு): சுமையோட, சமதளத்துல, 40 கி.மீ. வேகத்துல லீவரை மட்டும் அழுத்துங்க. சக்கரம் பூட்டிச்சுன்னா ஒரு படி குறைங்க, பூட்டுறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்துங்க.

---

செம்மண்புழுதி

கிளாம்ப் மீட்டர் 6 ஆம்பியர் காட்டுகிறது. முன் ஆக்சில் டிரம் இரண்டும் நல்ல சூடு, பின் ஆக்சில் இரண்டும் குளிர்ந்து கிடக்கிறது.

---

கிரீஸ்கை

அப்போ பாதி பிரேக்லதான் ஓடிக்கிட்டிருந்திருக்கீங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து செத்திருக்கிறதால மேக்னெட் தேய்மானமா இருக்காது. பின் ஆக்சிலுக்குப் பிரியிற இடத்துல, கிரிம்ப் ஜாயின்ட்லயோ எர்த் ஒயர்லயோ அறுந்திருக்கும். ஆக்சில் குழாய்க்குள்ள ஒயர் தேஞ்சு அறுந்திருந்தா ஒரு பக்கம் மட்டுந்தான் போகும். குழாய்க்குள்ள ஷார்ட் ஆயிருந்தா 12-க்கு மேல காட்டியிருக்கும்.

ஜாயின்டை வெட்டி, மேக்னெட் பக்கம் ரெண்டையும் தனித்தனியா ஓம் பாருங்க. 3.2 பக்கத்துல வந்தா அதை விட்டுட்டு, ஜாயின்டை ஈயம் வெச்சு, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்க. அப்புறம் பின் டிரம்மைக் கழட்டிப் பார்க்காம கெயின் வைக்காதீங்க. வேலை செய்யாம கிடந்த ஷூ துருப்பிடிச்சிருக்கும், கிரீஸ் சீல் கசிஞ்சு லைனிங் ஊறியிருந்தா கழுவினாலும் சரிவராது, ஷூவை மாத்தணும். மூடுறப்போ பேரிங்குக்கும் புது கிரீஸ் போட்டுடுங்க. வீல் நட்டை 80 கி.மீ. ஓடினப்புறம் டார்க் ரெஞ்சால மறுபடி ஒரு தடவை இறுக்குங்க.