உதவி தேவை: இரண்டாவது கியரும் ரிவர்ஸும் கரகரவென்று உரசுகிறது, அவசரம்

கோத்தகிரிவண்டி
வணக்கம். எங்கள் பள்ளி பஸ்ஸில் ரெண்டாவது கியர் போட்டால் கரகரவென்று உரசுகிறது. ரிவர்ஸும் அப்படியே. வண்டி சூடான பிறகு இன்னும் மோசம். போன வாரம்தான் கிளட்ச் பிளேட் மாற்றினோம், அதனால் கிளட்ச் பிரச்சினை கிடையாது. மெக்கானிக் பார்த்துவிட்டு "சிங்க்ரோ போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும்" என்கிறார் (சிங்க்ரோ என்றால் கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் வளையமாம்). அவ்வளவு செலவுக்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. பிரிக்காமல் சரி செய்ய வழி இருக்கிறதா? திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றணும்.

பச்சைபோர்டு
என்ன வண்டி, எந்த வருஷம், எத்தனை கியர்? எதுவுமே சொல்லவில்லையே.

ஆயில்தான்முதல்
பாக்ஸில் என்ன ஆயில் இருக்கிறது? பலர் கிரவுனுக்கு (பின் அச்சில் இருக்கும் பல்சக்கரம்) வாங்கும் ஆயிலையே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். கிரவுனுக்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும். சிங்க்ரோ வளையம் பித்தளை வகை என்றால் ஜிஎல்-5இல் இருக்கும் கந்தக மருந்து அதை அரிக்கும். அதோடு வழுக்கலும் அதிகம் என்பதால் வளையம் கியரின் கூம்பை (கோன்) பிடிக்காமல் நழுவும். அப்புறம் கியர் உரசத்தான் செய்யும். டின்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

லிங்கேஜ்ராஜா
ஆயிலை விடுங்கள். பழைய வண்டி என்றால் கியர் ராடு புஷ் தேய்ந்திருக்கும். லிவரைப் பிடித்து ஆட்டினால் கைக்கு எவ்வளவு ஆட்டம் வருகிறது? கியர் பாதியிலேயே நின்றால் இப்படித்தான் கத்தும்.

ஸ்டீயரிங்பிடித்தவன்
வண்டியில் பிரச்சினை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓட்டுகிறவர் யார்? இப்போது லைசென்ஸ் வாங்கி வருகிறவர்களுக்கு டபுள் கிளட்ச் (ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிப்பது) என்றால் என்னவென்றே தெரியாது. காரில் பழகிய கையோடு பஸ்ஸில் ஏறி, மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே இழுப்பில் இழுத்தால் பல் கத்தாமல் என்ன செய்யும்? முதலில் டிரைவரை மாற்றிப் பாருங்கள், பாக்ஸை அப்புறம் பார்க்கலாம்.

கோத்தகிரிவண்டி
லேலண்ட் வைக்கிங், 2007, ஐந்து கியர், சிங்க்ரோமெஷ். ஆயில் என்ன என்று தெரியவில்லை, மெக்கானிக்தான் ஊற்றினார். லிவரில் கொஞ்சம் ஆட்டம் உண்டு, ஆனால் அது வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. ஸ்டீயரிங் அண்ணா சொல்வதில் ஒன்று உண்மை. எங்கள் பழைய டிரைவர் ஐயா ஓட்டினால் ரெண்டாவது ஓரளவு விழுகிறது. புதுத் தம்பிக்கு விழவே இல்லை.

ஸ்டீயரிங்பிடித்தவன்
அதைத்தான் சொன்னேன். முடிந்தது விஷயம்.

பட்டறைமேசை
முடியவில்லை ஐயா. கோத்தகிரி நண்பரே, ஒன்று கேட்கிறேன். ரிவர்ஸ் உரசுவது வண்டி நிற்கும்போதுதானே? பழைய டிரைவர் போட்டாலும் ரிவர்ஸ் உரசுகிறதா?

கோத்தகிரிவண்டி
ஆமாம். ரிவர்ஸ் யார் போட்டாலும் கத்துகிறது.

பட்டறைமேசை
அப்படியானால் சிங்க்ரோவைப் பற்றி இப்போதே பேச வேண்டாம். உங்கள் பாக்ஸில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. இல்லாத சிங்க்ரோ எப்படிப் போகும்? நிற்கிற வண்டியில் கிளட்சை முழுசாக மிதித்துச் சற்றுப் பொறுத்தால், இஞ்சினிலிருந்து பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் தானாக நின்றுவிட வேண்டும். நின்றுவிட்டால் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். விழவில்லை என்றால் மிதித்த பிறகும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று பொருள். பிளேட் புதிது என்பதாலேயே கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பிளேட் மாற்றிய பிறகுதான் இது ஆரம்பித்ததா, அதற்கு முன்பும் இருந்ததா என்பதையும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

வீல் கட்டை வைத்து, சமதரையில் இதைச் செய்து பாருங்கள். முதலில் இஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். வழவழவென்று விழுந்தால் லிங்கேஜ் (லிவரையும் பாக்ஸையும் இணைக்கும் ராடுகள்) மேல் சந்தேகம் குறையும். பிறகு ஸ்டார்ட் செய்து, டேங்கில் காற்று ஏறும் வரை பொறுங்கள். கிளட்சை மிதிக்க உதவும் பூஸ்டர் காற்றில்தான் வேலை செய்கிறது, காற்று இல்லாமல் பார்த்தால் தவறான முடிவு வரும். நியூட்ரலில் கிளட்சை அடிவரை மிதித்து, நிதானமாகப் பத்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். உரசுகிறதா? காலை எடுக்காமலே மூன்றாவது கியரை ஒருமுறை போட்டு எடுத்து, அடுத்த நொடியே ரிவர்ஸ் போடுங்கள். மூன்றாவதின் சிங்க்ரோ ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தியிருக்கும், அதனால் இப்போது சத்தமில்லாமல் விழ வேண்டும். மறுபடி நியூட்ரலுக்கு வந்து, கால் மிதியிலேயே இருக்க, பத்து எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். மறுபடி கத்தினால், நின்ற ஷாஃப்டை இஞ்சின் திரும்பவும் சுழற்றியிருக்கிறது. சந்தேகமே வேண்டாம், கிளட்ச் இழுவைதான் (முழுசாக விடாமல் இழுப்பது).

ஆயில்தான்முதல்
நல்ல சோதனை. ஆனாலும் ஆயில் என்ன என்று பார்த்தே ஆகணும். குளிர் ஊரில் 140 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் காலையில் லிவர் கல்லு மாதிரி இருக்கும்.

பட்டறைமேசை
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இவருக்குச் சூடான பிறகுதான் மோசமாகிறது. கெட்டி ஆயில் என்றால் நேர்மாறாக இருக்க வேண்டும்.

ஸ்டீயரிங்பிடித்தவன்
பழைய டிரைவருக்கு ரெண்டாவது விழுவதற்கு என்ன பதில்? நான் சிங்க்ரோ இல்லாத பாக்ஸ் வைத்த பழைய லேலண்ட் காமெட்டில் மலை ஏறி இறங்கியவன். 1980களில் இசட்.எஃப். கம்பெனி சிங்க்ரோ பாக்ஸ் வந்த பிறகுதான் டிரைவர்களுக்குச் சோம்பல் வந்தது.

பட்டறைமேசை
உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன் ஐயா, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. டபுள் கிளட்ச் போடும்போது நியூட்ரலில் காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, ஷாஃப்டின் வேகத்தை ரெண்டாவது கியர் கேட்கும் வேகத்துக்கு நீங்களே கொண்டுவந்து விடுகிறீர்கள். சிங்க்ரோவுக்கு வேலையே இல்லை. கிளட்ச் இழுத்தாலும் இரண்டு வேகமும் ஒன்றாக இருப்பதால் விழுந்துவிடும். புதுத் தம்பி ஒரே மிதியில் போடும்போது, ஷாஃப்டை வேகப்படுத்தும் வேலை முழுவதும் அந்தச் சின்ன வளையத்தின் தலையில் விழுகிறது. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் ஷாஃப்டையும் பிளேட்டையும் மட்டும் சுழற்றினால் போதும். இழுத்துக்கொண்டிருந்தால் ஐடிலிங்குக்கு இறங்கிவிட்ட இஞ்சினையும் எதிர்த்துச் சுழற்ற வேண்டும். அது முடியாமல்தான் பல் உரசுகிறது. ஐயாவின் கைப்பக்குவம் கோளாறை மறைக்கிறது. தம்பியின் கை அதைக் காட்டிக்கொடுக்கிறது. தம்பியைத் திட்டாதீர்கள்.

பச்சைபோர்டு
சரி, ஐயா கையில் விழுகிறதே, திங்கட்கிழமை அவரையே ஓட்டச் சொல்லலாமே? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் கியர் மாற்றும் வேலையும் குறையும், டீசலும் மிச்சம். எங்கள் பக்கம் பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

மலைரூட்
தயவுசெய்து இந்த யோசனையை இங்கே யாருக்கும் சொல்லாதீர்கள். நியூட்ரலில் விட்டால் இஞ்சின் வண்டியைப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இஞ்சினால் வண்டியைப் பிடிப்பது) இருந்தாலும் கியரில் இருந்தால்தான் அது வேலை செய்யும். மொத்த எடையும் பிரேக் டிரம் மேல் வந்து, டிரம் சூடேறி விரிந்து, லைனிங் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். அடிக்கடி மிதித்தால் டேங்கில் காற்றும் இறங்கும். டீசல் மிச்சம் என்பதும் தவறு. கியரில் இருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங் டீசல் எரிகிறது.

ஊட்டி - மசினகுடி பாதையில் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பதுதான் மலை டிரைவர்களின் முதல் பாடம். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் மூன்றை எடுத்து, இரண்டு விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் வண்டி ஒவ்வொரு நொடியும் வேகம் எடுக்கும். எடுக்க எடுக்க இரண்டு விழும் வாய்ப்பு இன்னும் குறையும். இந்த நிலையில் இருக்கும் வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். இரண்டு நாளைக்கு வாடகை வண்டி பிடிக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேளுங்கள்.

பச்சைபோர்டு
டீசல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ரூட்டில் இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டீயரிங்பிடித்தவன்
இதில் மலைரூட் பக்கம்தான் நான். நியூட்ரலில் இறங்குகிறவனை நான் டிரைவர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லிங்கேஜ்ராஜா
கோத்தகிரி நண்பர் சோதனை செய்தாரா இல்லையா?

கோத்தகிரிவண்டி
செய்தோம். அணைத்து வைத்தால் எல்லாம் வழவழ. ஓடும்போது ரிவர்ஸ் கத்துகிறது. மூன்றாவது போட்டு எடுத்தால் சத்தமில்லை. மிதித்தபடி பத்து எண்ணினால் மறுபடி கத்துகிறது. பிளேட் மாற்றிய பிறகுதான் ஆரம்பம்.

பட்டறைமேசை
அருமை. இனி இழுவை வெளியிலா உள்ளேயா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் கீழே படுத்து பூஸ்டர் ராடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகர்வு குறைவாக இருந்தாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லத் திரும்பி வந்தாலோ கிளட்ச் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போயிருக்கிறது. பிளேட் வேலையின்போது பைப்பைக் கழற்றியிருந்தால் காற்றை எடுக்க மறந்திருப்பார்கள். நகர்வு முழுசாக இருந்தால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள்தான் (கிளட்சை மூடியிருக்கும் கூடு). பிளேட் ஷாஃப்ட் பல்லில் தங்கு தடையில்லாமல் முன்னும் பின்னும் ஓடாமல் இறுகியிருக்கலாம். பிளேட் வளைந்திருக்கலாம். என் சந்தேகம் பைலட் பேரிங் மேல். இஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் நடுவில் இன்புட் ஷாஃப்டின் மூக்கைத் தாங்குவது அதுதான். கிரீஸ் வற்றி அது இறுகிவிட்டால், கிளட்ச் விட்டாலும் ஃப்ளைவீல் ஷாஃப்டைத் தன்னோடு இழுத்துச் சுழற்றும். சூடாக ஆக இன்னும் இறுகும். பிளேட் மாற்றும்போது கூடவே மாற்ற வேண்டிய சின்னச் சாமான் அது. பல பட்டறைகளில் கையால் சுற்றிக்கூடப் பார்ப்பதில்லை.

இதற்கும் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. பிரித்தால்தான் சிங்க்ரோ, பேரிங், கேஸ்கெட் என்று செலவு நீளும். இறக்கி வைத்துவிட்டு, ஃப்ளைவீல் நடுவில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

ஆயில்தான்முதல்
இறக்கும்போது ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

மலைரூட்
மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதற்காக இன்னொரு முறை பாக்ஸை இறக்க முடியாது.

ஸ்டீயரிங்பிடித்தவன்
அந்தப் புதுத் தம்பிக்கு டபுள் கிளட்ச் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். கோளாறு சரியானாலும் மலையில் அது கைகொடுக்கும். காலி வண்டியில், சமதரையில் பழகட்டும்.

கோத்தகிரிவண்டி
ராடு நகர்வு முழுசாக இருந்தது. இறக்கிப் பார்த்தோம். பைலட் பேரிங் விரலுக்குச் சுற்றவே இல்லை. அதையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றியாச்சு. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ரெண்டாவது தம்பி கையிலும் விழுகிறது, வேகமாக இழுத்தால் மட்டும் லேசாக உரசுகிறது. பாக்ஸைப் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஆயில்தான்முதல்
அந்த லேசான உரசலைத்தான் கேட்கிறேன். வடித்த ஆயிலில் பொன்னிறத் தூள் இருந்ததா? புதிதாக ஊற்றியது கந்தக மருந்து குறைந்த ஜிஎல்-4 தானா?

ஆயில்தான்முதல்
கோத்தகிரி நண்பரே, டின்னைப் பார்த்தீர்களா?