'ஸ்கேத்' (scathe) என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

மில்டனின் ஆங்கிலக் காவியமான 'பாரடைஸ் லாஸ்ட்' முதல் காண்டத்தில் ஓரிடத்தைத் தமிழாக்கும்போது மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 1667இல் வந்த நூல். மின்னல் தாக்கிய ஓக், பைன் மரங்கள்; நுனி கருகி, மொட்டையாகி, ஆனாலும் நிமிர்ந்தே நிற்கின்றன. அங்கே வரும் வினை 'ஸ்கேத்'. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, 'தீங்கு செய்' என்பதே மூலப்பொருள். ஜெர்மன் 'ஷாடன்' இதற்குப் பங்காளி. தீயால் கருக்குதல் என்ற சாயல் மில்டனின் இந்த வரிக்குப் பிறகே ஏறியது. இன்று 'அன்ஸ்கேத்ட்' (காயமின்றித் தப்பிய), 'ஸ்கேதிங்' (சுடச்சுடத் தாக்கும் விமர்சனம் போன்றது) இரண்டும்தான் புழக்கத்தில்.

'சேதப்படுத்தியது' என்று போட்டேன், காப்பீட்டுப் படிவம் மாதிரி இருக்கிறது. 'பொசுக்கியது' என்றால் மரமே மிஞ்சாது. 'தீய்த்தது' தோசையைத்தான் நினைவூட்டுகிறது.

தீங்கும் சூடும் சேர்ந்து ஒலிக்க, மரத்தையும் நிற்கவிடுகிற ஒற்றை வினை எது?