'நீளம்', 'வளர்தல்' என இரு பொருள் தரும் சீன எழுத்து: எழுதும் முறையும் வாசிக்கும் முறையும்

கேள்வி:

வணக்கம். மாண்டரின் மொழியை ஆசிரியர் இன்றித் தனியாகப் பயின்று வருகிறேன். எளிமையாக்கப்பட்ட முறையில் நான்கே கோடுகளால் அமைந்த ஓர் எழுத்து (长) என்னைத் தடுமாற வைக்கிறது. சீனப் பெருஞ்சுவரின் பெயரான 'ச்சாங்ச்செங்' என்பதில் அது முதலில் நின்று, 'ச்சாங்' என ஏறும் தொனியில் ஒலித்து, நீளத்தைக் குறிக்கிறது. தலைமையாசிரியரைக் குறிக்கும் 'ஷியாவ்ஜாங்' என்பதில் அதே எழுத்து இறுதியில் நின்று, 'ஜாங்' எனத் தாழ்ந்து எழும் தொனியில் ஒலிக்கிறது. கோடுகளின் வரிசையைச் செயலி காட்டியபடியே பின்பற்றினாலும் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவது ஏன்? எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை அறிய வழி உண்டா, அல்லது சொல் சொல்லாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:

எழுதுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த எழுத்தின் சமநிலை மூன்றாம் கோட்டைப் பொறுத்தது. முதலில் மேலிருந்து இடப்புறம் சாயும் ஒரு குறுங்கோடு. அடுத்து அதன் கீழே ஒரு நீண்ட கிடைக்கோடு. மூன்றாவது கோடு கிடைக்கோட்டுக்கு மேலே தொடங்கி, அதை வெட்டிக் கீழிறங்கி, பேனாவை எடுக்காமலே வலப்புறம் மேல்நோக்கிச் சுண்டி முடிகிறது. அவை வெட்டும் இடத்திலிருந்து வலப்புறமாகக் கீழே இறங்கி விரியும் கோடு நான்காவது. மூன்றாவதை இரண்டாக உடைத்து எழுதினால் கோடுகள் ஐந்தாகிவிடும் என்பது மட்டுமன்று, அந்தச் சுண்டலின் வேகமும் போய்விடும். செங்குத்துப் பகுதியைக் கட்டத்தின் நடுவில் நிறுத்தாமல் சற்று இடப்புறமாக நிறுத்துங்கள். நான்காம் கோடு விரிவதற்கு வலப்புறம் இடம் தேவை. அந்த இடம் கிடைக்காதபோதுதான் எழுத்து சாய்கிறது என்று நினைக்கிறேன்.

மரபு வடிவில் இதற்கு எட்டுக் கோடுகள். தைவானிலும் ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் இன்றும் அதுவே வழக்கு. நான்கு கோட்டு வடிவம் தூரிகையால் விரைந்து எழுதிய கூட்டெழுத்திலிருந்து வந்தது. ஆகவே மெதுவாக வரைந்து பழகுவதைவிட, ஒவ்வொரு கோட்டையும் தயங்காமல் ஒரே வீச்சில் எழுதிப் பழகுவதே இதற்குப் பொருந்தும்.

மறுமொழி 2:

தமிழில் 'பாம்பு' என்ற சொல்லில் ஒரே பகர வரிசை இரு விதமாக ஒலிப்பதை யாரும் எண்ணிப் பார்த்து வாசிப்பதில்லை. எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. இங்கே இடம் உதவாது, பொருள்தான் உதவும். வளர்வது, முளைப்பது, ஒருவர் பார்வைக்கு எப்படி இருக்கிறார் என்பது ஆகியவற்றுக்கெல்லாம் 'ஜாங்'. மூத்தவர், தலைவர் என்ற பொருளிலும் அதுவே. மூத்த மகன், நகரத் தலைவர், அமைச்சர் ஆகியோரைக் குறிக்கும் சொற்களில் அவ்வாறே ஒலிக்கிறது. நீளத்துக்கும், ஒருவரிடம் உள்ள தனித்திறனுக்கும் 'ச்சாங்'.

கப்பலைக் குறிக்கும் 'ச்சுவான்' என்பதை அடுத்து இவ்வெழுத்து வந்தால் 'ச்சுவான்ஜாங்', அதாவது கப்பல் தலைவர். ஆனால் அதே இரண்டு எழுத்துகளுக்குப் பின் '50 மீட்டர்' என்று வந்தால், கப்பலின் நீளம் 50 மீட்டர் என்று பொருள். அப்போது 'ச்சாங்' என்றே வாசிக்க வேண்டும். நடுவில் 'ல' என்ற துணைச்சொல் வந்து பின்னர் அளவு வந்தால் 'ஜாங்': பையன் 5 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான்.

மறுமொழி 3:

மேலே சொன்னவற்றில் கடைசி விதியை மட்டும் சற்றுத் திருத்த வேண்டும். பையனுக்குப் பதிலாகக் கால்சட்டையை எழுவாயாக வைத்துப் பாருங்கள். மற்ற எழுத்துகள் எதுவும் மாறாமலே, அது 5 சென்டிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கிறது என்று பொருளாகி, ஒலி 'ச்சாங்' ஆகிவிடும். கால்சட்டை வளராது அல்லவா? எனவே துணைச்சொல்லைப் பார்ப்பதற்கு முன் எழுவாயைப் பாருங்கள். மனப்பாடத்தைப் பொறுத்தவரை, பதவிப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் முழுச்சொல்லாகவே நினைவில் வைப்பது நல்லது. வாக்கியங்களில் மேற்சொன்ன பொருள் வழி பெரும்பாலும் போதும்.

ஹெபேய் மாகாணத்தில் ஷான்ஹாய்குவான் அருகே உள்ள மெங் ஜியாங்நியு கோயிலில் ஓர் ஈரடி இருக்கிறது. சீனம் பயில்பவர்கள் அனைவரும் அதை ஒருமுறையாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அதன் இரண்டாம் அடியில் 'மிதக்கும் மேகம்' என்ற சொல்லுக்குப் பின் இதே எழுத்து ஏழு முறை அடுத்தடுத்து வந்து, 'மறைதல்' என்ற எழுத்தோடு அடி முடிகிறது. பலரும் வாசிக்கும் முறை இது: ஜாங், ச்சாங் ச்சாங் ஜாங், ச்சாங் ஜாங் ச்சாங். இங்கே 'ச்சாங்' என்பது 'எப்போதும்' என்ற பொருள் தரும், அதே ஒலியுடைய வேறோர் எழுத்துக்குப் பதிலாக நிற்கிறது. 'ஜாங்' பெருகுவதைக் குறிக்கிறது. மேகம் பெருகும், எப்போதும் பெருகும், எப்போதும் பெருகி எப்போதும் மறையும் என்பது கருத்து. வேறு விதமாகப் பிரித்து வாசிப்பவர்களும் உண்டு. கடல்நீரைப் பாடும் முதலடியும் இதே அமைப்புதான். அங்கே ஏழு முறை வருவது 'காலை' என்றும் 'ஓதம்' என்றும் இரு விதமாக வாசிக்கப்படும் இன்னோர் எழுத்து.