தோல் லீஷ்மேனியா: வெப்ப சிகிச்சையா, ஊசியா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
காபூலில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய என் தம்பியின் முன்கையில், ஓரம் தடித்து நடுவில் குழிந்த, வலியே இல்லாத புண் ஒன்று மூன்று மாதமாக ஆறவில்லை. தோலைச் சுரண்டிச் சோதித்ததில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய் என்று உறுதியாகிவிட்டது. இதற்குப் போடும் ஆன்டிமனி (ஓர் உலோகச் சேர்ம மருந்து) ஊசி நல்லதா, வெப்ப சிகிச்சை நல்லதா? அம்மா மிகவும் கலங்கியிருக்கிறார்.

மறுமொழி (பீனிக்ஸ்):
அக்கா, மணல் ஈ கடியால் புகும் இந்த ஒட்டுண்ணி சூட்டைத் தாங்காது என்பதே வெப்ப சிகிச்சையின் அடிப்படை. புண்ணை மரத்துப்போகச் செய்து, ரேடியோ அலைக் கருவியால் 50 டிகிரி செல்சியஸில் 30 விநாடி சூடேற்றுவார்கள். காபூலிலேயே சுமார் 400 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், வெப்பத்தால் 69 விழுக்காட்டினரும், புண்ணிலேயே ஊசி போட்டதால் 75 விழுக்காட்டினரும் குணமடைந்தார்கள். தசையில் ஊசி போட்டவர்களில் 45 விழுக்காட்டினருக்கே குணமானது. தம்பிக்கு நோய் தொற்றியதும் அங்கேதான் என்பதால், இந்தக் கணக்கை மருத்துவரிடம் அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், செவிலியர்):
தசையிலோ இரத்த நாளத்திலோ ஏற்றும் ஆன்டிமனி இதயத்தையும் கணையத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இடையிடையே தேவைப்படும். ஒரே புண் என்றால் எனக்கு வெப்ப சிகிச்சையே சரியெனப் படுகிறது. ஆனால் மூக்கு, வாய்ச் சவ்வுக்குப் பரவும் வகையாக இருந்தால் உடல் முழுதும் சேரும் மருந்தே வேண்டும். சூடேற்றிய இடம் கொப்பளித்து நீர் வடியும், தினமும் கட்டு மாற்ற வேண்டும். வீட்டில் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கவே கூடாது; தோல்தான் வெந்துபோகும்.