அணசுக்கு நேரே மைக் வேண்டாம்

நாதஸ்வரப் பதிவு என்றாலே எந்த வகை மைக், கண்டென்சரா, டைனமிக்கா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எனக்கு அது இரண்டாவது கவலை. மைக் எங்கே நிற்கிறது என்பதுதான் முதலில்.

கல்யாண மண்டபங்களில் மைக் செட்காரர்கள் அணசின், அதாவது நாதஸ்வரத்தின் விரிந்த அடிமுனையின், வாய்க்குள்ளேயே மைக்கை நீட்டிவிடுவார்கள். பந்தி வரைக்கும் கேட்க வேண்டிய இடத்தில் அது போதும், பதிவுக்கு ஆகாது. துளைகள் திறந்திருக்கும்போது ஒலியில் பெரும்பங்கு அந்தத் துளைகள் வழியாகவே வெளியேறுகிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கூரிய உயர் அதிர்வெண்கள் மட்டும் நேராக அணசு வழியே பாய்கின்றன. அங்கே வைத்த மைக்கில் ஒரு ஸ்வரம் சீறும், அடுத்தது பதுங்கும். வித்வான் வாத்தியத்தை ஏற்றி இறக்கி வாசிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் மூன்றடிக்குக் குறைந்து வைப்பதில்லை. எதிரொலி இனிமையான கூடமென்றால் ஐந்தடிகூடப் போவேன். விரல்களின் உயரத்தில், அணசின் நேர்கோட்டைவிட்டு விலக்கி வைப்பேன். தரையில் அமர்ந்து வாசித்தால் அணசு கீழ்நோக்கி இருக்கும். மொசைக் தரை ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

உண்மையான சோதனை தவில்தான். கும்பகோணத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் பதிவு. தவிலை அடுத்த அறைக்கு மாற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அவர் முகத்தைப் பார்க்காமல் நான் எப்படித் தம்பி வாசிப்பது?" என்றார் வித்வான். நியாயம்தானே! ஆகவே ரிப்பன் மைக்கை எடுத்தேன். அது முன்னும் பின்னும் கேட்கும். இரு பக்கவாட்டிலும் ஏறக்குறையச் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தைத் தவிலுக்குக் காட்டினேன். நாதஸ்வரம் அப்போது 45 டிகிரி ஒதுங்கி விழுந்தது. இழப்பு 3 டெசிபல்தான். ரிப்பன் உயர் அதிர்வெண்களைச் சற்று மழுக்கும் என்பது பொதுவாகக் குறை, நாதஸ்வரத்துக்கோ அதுவே வரம். பின்புறமும் கேட்கும் என்பதால் மைக்குக்குப் பின்னே கெட்டியான திரை தொங்கவிட்டோம். பழைய ரிப்பன் என்றால், கேபிள் வழியே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பொத்தானை அணைத்துவைப்பது நல்லது. கேபிளில் கோளாறு இருந்தால் ரிப்பனே போய்விடலாம்.

புல்லாங்குழலுக்கு இவ்வளவு பாடில்லை. நெற்றி உயரத்தில், ஓர் அடிக்குச் சற்று மேல் தள்ளி, உதட்டுக்கும் விரல்களுக்கும் நடுவே பார்த்தபடி ஒரு கண்டென்சர் போதும். மூச்சுக் காற்று அதன்மேல் நேராகப் படக் கூடாது.

ஒலி அளவைச் சரிபார்க்க அவசரப்படாதீர்கள். சீவாளி நனைந்து பதமாகும்வரை வாசிக்கவிட்டு, மேல் ஸ்தாயியை முழு மூச்சில் ஊதச் சொல்லிப் பாருங்கள். ஒலி உடையாமல் இருக்க, அதற்கு மேலும் 10 டெசிபல் இடம் விட்டுவையுங்கள். நடுவில் சீவாளியை மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

சுருதிப் பெட்டி இல்லாமல், சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை ஊதும் ஒத்துக் குழல்காரரையும் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஒத்துக்குத் தனி மைக் கொடுத்தீர்களா?