சல்வதோரே, ரொசாலியா... அடுத்தவன்?

பலெர்மோவிலிருந்து, எட்டாம் மாதத்தில் இருக்கும் அம்மா

பெயர் இன்னும் முடிவாகவில்லை. மூத்தவன் சல்வதோரே, அடுத்தவள் ரொசாலியா. இரண்டுமே நாங்கள் தேடியவை அல்ல. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், முதல் பெண்ணுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்பது சிசிலியின் பழைய வழக்கம். கணவர் இந்த சிசிலிக்காரர், அவர் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பிள்ளைக்கு முன்பே பெயர் தயாராக இருந்தது. ரொசாலியாவில் எனக்கும் சந்தோஷம்தான். இந்த ஊரின் காவல் புனிதை அவர். பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் அவருடைய குகைக் கோயிலுக்கு நம் தமிழ் ஆட்கள், சைவர்களும் சேர்த்து, ஏறிப் போவது ஊருக்கே தெரியும்.

இப்போது இரண்டாவது பையன். வழக்கப்படி இவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். அதாவது யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அப்பாவின் பெயர். நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மாமியார் விடவில்லை. "உன் அப்பாவுக்குச் சேர வேண்டியதை நான் பிடுங்க மாட்டேன்" என்கிறார். பேரன் என்ற சொல்லே பெயரன்தான் என்று நான் வேறு சொல்லிவைத்தேன். கேட்க வேண்டுமா!

அப்பாவை ஊரில் எல்லாரும் முத்து என்றுதான் கூப்பிடுவார்கள். சல்வதோரே, ரொசாலியா, முத்து. கடைசி ஆள் பக்கத்து வீட்டிலிருந்து விளையாட வந்த பிள்ளை போல இல்லையா? அதோடு சிசிலியப் பேச்சில் 'முத்து' கிட்டத்தட்ட 'ஊமை' என்று காதில் விழும். பள்ளிக்கூடத்தில் சும்மா விடுவார்களா? இத்தாலியனில் முத்து பெர்லா ஆகும், அது பெண் பெயர். என்னைப் போல இத்தாலியில் மருமகளானவர்களே, உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

தூரினிலிருந்து, இரட்டையரின் அம்மா

பெயர்கள் ஜோடியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் செய்த வேலையைக் கேளுங்கள். மார்கோ, மிர்கோ. கூப்பிட எவ்வளவு அழகு என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகுதான் கோதிச்சே ஃபிஸ்காலே வந்தது. 16 இடங்கள் கொண்ட அந்த வரிக் குறியீட்டில் குடும்பப் பெயருக்கு மூன்று எழுத்து, பெயருக்கு மூன்று எழுத்து, அப்புறம் பிறந்த நாள், பிறந்த ஊர். பெயரில் மெய்யெழுத்துகளைத்தான் முதலில் எடுப்பார்கள். மார்கோவிலும் எம், ஆர், சி. மிர்கோவிலும் எம், ஆர், சி. ஒரே நாள், ஒரே ஊர், இரண்டும் பையன். அரசாங்கக் கணக்கில் என் இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆள்!

இதற்கென்று வழி வைத்திருக்கிறார்கள். எண்களை எழுத்தாக மாற்றித் தனித்தனிக் குறியீடு கொடுத்துவிட்டார்கள். ஆனால் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தானாகக் கணக்குப் போடும் படிவங்கள் உண்டே, அவை இன்றும் எங்களிடம் "தவறு" என்று சொல்கின்றன. ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன், பெண்ணுக்குப் பிறந்த தேதியோடு 40 கூட்டுவார்கள்.

மிலானிலிருந்து

எங்களுக்குத் தாத்தா பாட்டி பெயர்ப் பிரச்சினை இல்லை, மாமியார் வீட்டில் அந்தப் பழக்கம் போய்விட்டது. பெண் பெயாத்ரீச்சே, பையன் ஆந்திரேயா. இங்கே ஆந்திரேயா ஆண் பெயர். பெண்ணுக்கு வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2012ல்தான். லூக்கா, நிக்கோலா, மத்தியா எல்லாம் பையன்கள்தான். இதைச் சென்னையில் யார் கேட்கிறார்கள்? "ஆ"வில் முடிந்தால் பெண். முதல் தடவை ஊருக்குப் போனபோது பெரியம்மா என் மகனுக்குக் கவுன் வாங்கி வைத்திருந்தார்.

நேப்பிள்ஸிலிருந்து, இந்த ஊர் மருமகள்

என் மைத்துனர் வீட்டில் பெரியவன் வின்சென்சோ, சின்னவன் லொரென்சோ. முழுப் பெயர்கள் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். தெற்கில் முழுப் பெயரை யார் சொல்கிறார்கள்? வின்சென்சோ சுருங்கினால் என்சோ. லொரென்சோ சுருங்கினாலும் என்சோ. "என்சோ இருக்கிறானா?" என்று ஒரு பெண் குரல் தொலைபேசியில் கேட்க, மாமியார் தப்பான என்சோவைக் கூப்பிட்டு, அவன் போய்ப் பேசி... அந்தக் கதை இங்கே வேண்டாம். இப்போது சின்னவனை ரென்சோ ஆக்கிவிட்டார்கள்.

ஆகவே தாளில் எழுதிப் பார்க்காதீர்கள், பால்கனியில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். நாம் கூப்பிடும்போது வாலை நீட்டுவோம், இவர்கள் வெட்டுவார்கள்: சல்வத்தோ! ரொசாலீ! அந்த வெட்டு மூன்றாவது பெயருக்கும் வர வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், அப்பாவின் பெயர் முத்து மட்டும்தானா?

பலெர்மோ அம்மா

இல்லை, ஞானஸ்நானப் பெயர் சவரிமுத்து. பாஸ்போர்ட்டில் தவிர எங்கும் பார்த்ததில்லை.

நேப்பிள்ஸ் மருமகள்

அடடா, கையில் வைத்துக்கொண்டா தேடுகிறீர்கள்! சவரி என்பது சவேரியார்தானே. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்தாரே, அவரேதான். இத்தாலியனில் அவர் சான் ஃபிரான்செஸ்கோ சவேரியோ. சவேரியோ இங்கே தெற்கில் வெகு சாதாரணமான பெயர். சல்வத்தோ! ரொசாலீ! சவே! இதோ, நானே பால்கனியில் நின்று கூப்பிட்டுவிட்டேன், எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

தூரின் அம்மா

பழக்க தோஷம், குறியீட்டைச் சரிபார்த்தேன். பெயரில் நான்கோ அதற்கு மேலோ மெய் இருந்தால் அவற்றில் முதல், மூன்றாம், நான்காம் மெய்களை எடுப்பார்கள். சல்வதோரே எஸ், வி, டி. சவேரியோவில் மூன்றே மெய்தான்: எஸ், வி, ஆர். பிறந்த நாள் வேறு என்பதால் எப்படியும் மோதாது, இருந்தாலும் எனக்கு நிம்மதி.

எமிலியா பகுதியிலிருந்து

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தாத்தா வீட்டில் பொருத்தம் பார்க்கிற சிரமமே இருக்கவில்லை. ப்ரீமோ, செக்கோந்தோ, தேர்சோ. முதலாமவன், இரண்டாமவன், மூன்றாமவன். நான்காவதாகப் பெண் பிறந்ததும் மரியா என்று வைத்துவிட்டார்கள். போதும்பொண்ணு என்று வைக்காமல் விட்டார்களே.

பலெர்மோ அம்மா

பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலேயே மூன்று நாளுக்குள் பதியலாம், இல்லையென்றால் பத்து நாளுக்குள் நகராட்சிக்குப் போக வேண்டும். நாங்கள் இரண்டாம் நாளே பதிந்துவிட்டோம்: சவேரியோ. மூன்று பெயர் வரை சட்டம் அனுமதிக்கிறது, முத்துவையும் சேர்க்கலாமா என்று கணவர் கேட்டார். அந்த 'ஊமை'யை நினைத்து நான்தான் வேண்டாம் என்றேன்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு, "சவரி எண்டு என்னை என்ர அம்மா மட்டும்தான் கூப்பிட்டவா" என்றார்.

மாமியார் "சவே" என்கிறார். ரொசாலியாவுக்கு அவன் வெறும் "பாப்பா". இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவன் மட்டும், இரவு முழுக்க வீட்டையே எழுப்பும் தம்பியை "முத்து, முத்து" என்று கூப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் மாமியார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.